அன்றாடக் கடன்: கிறித்தவ வாழ்வில் மனந்திரும்புதலும் மன்னிப்பும்

முன்னுரை

பத்தாண்டு நிறைவு என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்குக் கணக்குப் பார்க்கும் காலம். எழுதியவை எவை, எழுதாமல் விட்டவை எவை, கைகோத்து வந்தவர் எவர், மனம் நொந்து விலகிப் போனவர் எவர் என்று திரும்பிப் பார்க்கும் காலம். இவ்வாறு திரும்பிப் பார்ப்பதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை என வையாமல் நாள்தோறும் செய்யவேண்டிய கடமையாகவே வைத்துள்ளது கிறித்தவ மரபு. அம்மரபு தமிழில் எவ்வாறு பேசப்பட்டது, வாழ்வில் எவ்வாறு நின்று காட்டியது என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மனந்திரும்புதல் என்றவுடன் வாழ்வில் ஒருமுறை நிகழும் பெருந்திருப்பமே பலர் நினைவுக்கு வரும். தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் பவுலடிகளைத் தடுத்து நிறுத்திய ஒளி அத்தகையது. கதைக்கும் காவியத்துக்கும் அது ஏற்ற பொருள். ஆயின் இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டின் அமைப்பு வேறொன்றை உணர்த்துகிறது. அதில் அன்றைக்கு வேண்டிய உணவைக் கேட்கும் வேண்டுகோள் முதலில் வருகிறது. அதை அடுத்து, இடையில் வேறெதுவும் இன்றி, மன்னிப்பைக் கேட்கும் வேண்டுகோள் வருகிறது. நேற்று உண்ட சோறு இன்றைய பசியை ஆற்றாது. அதுபோலவே நேற்றுப் பெற்ற மன்னிப்பும், நேற்றுக் கொடுத்த மன்னிப்பும் இன்றைக்குப் போதா. சோற்றுக்கு அடுத்த இடத்தில் மன்னிப்பை வைத்ததில் கிறித்தவ ஒழுக்கத்தின் சாரம் அடங்கியுள்ளது எனலாம்.

சொற்கள் காட்டும் பொருள்

ஒரு கருத்து ஒரு மொழிக்குள் புகும்போது அம்மொழியின் சொற்கள் அதனைத் தம் போக்கில் வளைத்துக்கொள்கின்றன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இக்கருத்தைக் குறிக்கும் ‘மெத்தனோயா’ என்னும் சொல்லுக்கு மனமாற்றம் என்பது பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் இதற்கு வழங்கும் ‘ஷூப்’ என்னும் வினை, போன வழியே திரும்பி வருதலைக் குறிக்கும். ஒன்று மனத்தைச் சொல்கிறது. மற்றொன்று காலைச் சொல்கிறது. தமிழில் நிலைபெற்ற ‘மனந்திரும்புதல்’ என்னும் தொடரோ மனத்தையும் திரும்புதலையும் ஒரே சொல்லில் இணைத்து நிற்கிறது. திட்டமிட்டு அமைந்ததோ, தானே அமைந்ததோ, இரு மூலமொழிகளின் பொருளும் தமிழில் ஒருங்கே வந்து கூடியமை வியப்புக்குரியது.

இதனின்று வேறானது கழிவிரக்கம். கழிந்துபோனதற்கு இரங்குதல் அது. யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் தவறியவர்கள். ஒருவன் காட்டிக்கொடுத்தான், மற்றவன் மும்முறை மறுதலித்தான். இருவருமே இரங்கினர். யூதாசு தான் பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். தான் செய்தது பாவம் என்று வாய்விட்டும் சொன்னான். ஆயினும் தான் யாருக்குத் தீங்கிழைத்தானோ அவரை நோக்கித் திரும்பும் துணிவு அவனுக்கு வாய்க்கவில்லை. பேதுரு அழுதான், பின்னர்த் திரும்பி வந்தான். கழிவிரக்கத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் உள்ள இடைவெளி இவ்விருவருக்கும் இடையிலுள்ள இடைவெளியே.

மன்னித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல், விட்டுவிடுதல், போகவிடுதல் என்னும் பொருளில் பிறந்தது. தமிழில் ‘மன்னிப்பு’ என்னும் சொல்லின் பிறப்பைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தமிழ்ச்சொல் அன்று எனக் கருதுவோர் ‘பொறுத்தல்’ என்பதையே ஆள விரும்புவர். அவ்விவாதம் ஒருபுறம் இருக்க, ‘பொறுத்தல்’ என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. பொறுத்தல் என்பது சுமத்தல். கிரேக்கம் கையிலிருந்து விடச் சொல்கிறது. தமிழ் தோளில் தாங்கச் சொல்கிறது. இரண்டும் முரண்போலத் தோன்றினும் உண்மையில் ஒரே செயலின் இருபுறங்களே. பிறன் செய்த தீங்கைப் பகையாகப் பற்றிக்கொள்ளாமல் விட்டுவிடுபவன், அத்தீங்கின் இழப்பைத் தானே சுமக்க வேண்டியவனாகிறான். எவரோ ஒருவர் சுமக்காமல் எந்த மன்னிப்பும் நிறைவேறுவதில்லை.

வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே, தன்மேல் மண்வெட்டியைப் போடுவோனையும் விழாமல் சுமந்து நிற்கும் மண்ணை உவமையாக்கினார். கிணறு வெட்டியும் கண்மாய் தோண்டியும் வாழும் வானம் பார்த்த பூமியாகிய இப்பகுதியில் அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. மண் ஒருமுறை தாங்கி ஓய்வதில்லை என்பதும் அதனுள் அடக்கம். அது ஒவ்வொரு வெட்டுக்கும் தாங்குகிறது.

அச்சுத் தமிழும் அகத்தாய்வும்

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றில் இப்பொருளுக்கு எதிர்பாராத ஓரிடம் உண்டு. அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அழைத்த போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றீக்கசு, முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்றவர். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-இல் கொச்சியில் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1580-இல், அச்சேறிய தமிழ்நூல் எது? பாவ அறிக்கை செய்வோர்க்கு வழிகாட்டும் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் நூலே அது. திருக்குறளும் தொல்காப்பியமும் அச்சைக் காணச் சில நூற்றாண்டுகள் காத்திருக்க, தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்க்கச் சொல்லும் நூல் தமிழ் அச்சின் தொட்டிலிலேயே பிறந்துவிட்டது.

அடிகளார் சார்ந்திருந்த சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், தம் ஆன்மிகப் பயிற்சி நூலில் நாள்தோறும் செய்யவேண்டிய அகத்தாய்வை வகுத்துரைத்துள்ளார். காலையில் எழுந்ததும் எந்தக் குறையை விலக்க வேண்டும் என உறுதி கொள்ள வேண்டும். நண்பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் நாளின் பொழுதுகளை ஒவ்வொன்றாக நினைந்து பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு இரு கோடுகளாக வரைந்து, ஒவ்வோர் ஆய்வின்போதும் தவறிய முறைகளுக்கு ஏற்ப அவற்றின்மேல் புள்ளியிட வேண்டும். இன்றைய புள்ளிகளை நேற்றைய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மளிகைக்கடைச் சிட்டையைப் போன்ற இந்த ஏற்பாட்டில் உணர்ச்சிப் பெருக்குக்கு இடம் குறைவு. அழுகையைவிடக் கணக்கை அது நம்புகிறது.

சீர்திருத்தச் சபைகள் வேறு வழியில் அதே இடத்திற்கு வந்தன. 1517-இல் மார்ட்டின் லூத்தர் முன்வைத்த தொண்ணூற்றைந்து கருத்துகளுள் முதலாவது, நம்பிக்கையாளரின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதாகும். பணம் கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கும் வழக்கத்துக்கு எதிராக எழுந்த குரல் அது. ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கத்தக்க பொருளாக மன்னிப்பு ஆகிவிட்டதே அவருடைய மனக்குறை. லூத்தரின் சிறிய ஞானோபதேசம், 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கின் வழியாகத் தமிழுக்கு வந்தது. பழைய மனிதன் நாள்தோறும் மனவருத்தத்தில் மூழ்கிச் சாகவேண்டும், புதிய மனிதன் நாள்தோறும் எழவேண்டும் என்பது அந்நூல் திருமுழுக்குக்குத் தரும் விளக்கத்தின் கருத்து. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் பலவற்றில் மாறுபட்டனர். ‘நாள்தோறும்’ என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்.

கடன் என்னும் உவமை

இயேசு கற்பித்த மன்றாட்டை மத்தேயு எழுதும்போது மன்னிக்கப்பட வேண்டியதைக் ‘கடன்’ என்கிறார். லூக்கா ‘பாவம்’ என்கிறார். சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் வேதாகமத்தில் மத்தேயுவின் மன்றாட்டில் ‘கடன்’ என்னும் சொல்லே நிற்கிறது. இம்மாவட்டத்தில் அச்சொல்லுக்கு உள்ள கனம் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயம். மழை பொய்த்த ஆண்டில் விதைக்கு வாங்கிய கடன், மகள் திருமணத்துக்கு வாங்கிய வட்டிக்கடன், தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் வேலைக்கு முன்பே வாங்கிவிட்ட முன்பணம் எனக் கடனின் வகைகளை ஏழை எளியோர் நன்கறிவர். முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை வேறிடம் போகத் தயங்குவர். உழைப்பு நாளையதாக இருக்க, அதன் கூலி நேற்றே செலவாகிப் போயிருக்கும். கந்துவட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே ‘கடனை மன்னித்தல்’ என்பது இம்மண்ணில் ஓர் அலங்காரச் சொல்லாக ஒலிப்பதற்கில்லை. நாளைய பொழுதைத் தனதாகத் திரும்பப் பெறுதல் என்பதே அதன் பொருளாகும்.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் பேதுரு ஒரு கணக்குக் கேட்கிறான். எத்தனைமுறை மன்னிப்பது? ஏழுமுறை போதுமா? அவனுக்கு விடையாக வரும் உவமைக் கதையில் ஓர் அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளன் ஒருவன் வருகிறான். ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஓர் ஆளின் ஒருநாள் கூலி. எனவே அவன் பட்ட கடன் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை கிடைத்தாலும் அதைத் தீர்க்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் உழைக்க வேண்டும். அவ்வளவும் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான். அது அவன் பெற்ற தள்ளுபடியில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு.

இக்கதையை விளக்குவோர் பலரும் நூறு தெனாரியம் அற்பத்தொகை என்று சொல்லிக் கடந்துவிடுவர். அது சரியன்று. நூறு நாள் கூலி எந்தக் கூலியாளுக்கும் அற்பமாகாது. மூன்று மாதத்துக்கு மேலான உலை அது. பிறர் இழைக்கும் தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அது உண்மையான இழப்பு. மனம் வலிக்கும் இழப்பு. அவ்வாறிருந்தும், பெற்றது எவ்வளவு என்பதை மறவாதவனே கொடுக்க வல்லவன் ஆகிறான் என்பதே கதையின் உள்ளீடு. தள்ளுபடி பெற்றவன் வாயிலைத் தாண்டுவதற்குள் அதை மறந்துபோனான். நாள்தோறும் மன்றாட வேண்டியதன் காரணம் இதனால் விளங்கும். கடவுளுக்கு நினைவூட்டல் தேவையில்லை. மறப்பவன் மனிதனே.

தமிழில் கடனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. புறநானூற்றில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் முதலியோரின் பொறுப்புகளை வரிசைப்படுத்தும் பாட்டில் அச்சொல் கடமையைக் குறித்து நிற்கிறது. திருப்பித் தரவேண்டியதும் கடன்; செய்தே ஆகவேண்டியதும் கடன். மன்றாட்டைத் தமிழில் சொல்லுவோர் இரு பொருளையும் ஒருசேரக் கேட்கலாம். மன்னிக்கப்பட வேண்டியது கடனெனின், மன்னிப்பதும் கடனே.

திருப்பிக் கொடுத்தல்

மனந்திரும்புதல் மனத்தளவில் நின்றுவிடுவதும் இல்லை. லூக்காவில் வரும் சகேயு ஒரு வரிதண்டுவோன். அவன் இயேசுவின்முன் நீண்ட பாவ அறிக்கை எதுவும் செய்ததாகக் கதையில் இல்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையேனும் ஏய்த்துப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். பேச்சு முழுவதும் எண்களாலேயே ஆனது. எடை குறைத்து விற்றவனும், வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்தவனும் தம் மனமாற்றத்தை எவ்வாறு மெய்ப்பிக்கலாம் என்பதற்குச் சகேயுவின் கணக்கு அளவுகோலாகும்.

மலைப்பொழிவில் இதற்கு மேலும் கடுமையான ஒரு கட்டளை உண்டு. பலிபீடத்தின்முன் காணிக்கையோடு நிற்பவனுக்கு, சகோதரன் ஒருவனுக்குத் தன்மேல் குறை உண்டு என்பது அப்போது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும். வழிபாடு காத்திருக்கலாம்; புண்பட்டவன் காத்திருக்கலாகாது. ‘ஒப்புரவு’ என்னும் சொல்லை வள்ளுவர் உலகநடை அறிந்து உதவுதலுக்கு ஆண்டார். கிறித்தவத் தமிழ் அதனைப் பிரிந்தோர் மீண்டும் ஒன்றாதலுக்கு ஆண்டது. பாவசங்கீர்த்தனம் என முன்னர் வழங்கியதைக் கத்தோலிக்கர் இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கின்றனர். ஊருக்கு உதவுதலும் உறவைத் தைத்தலும் ஒரே சொல்லில் உறைவது தமிழின் பேறு.

பாடலில் தன்குறை கூறல்

தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பாடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பம் தன் சிறுமையை எடுத்துச் சொல்லிக் கைவிட வேண்டா என இறைவனை மன்றாடும் ஐம்பது பாடல்களால் ஆனது. தாயுமானவரிலும் இராமலிங்க அடிகளிலும் அக்குரல் தொடர்ந்தது. சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப் முதிய வயதில் திருவாசகத்தை மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டமைக்கு அக்குரலில் தம் சமயத்தின் எதிரொலியை அவர் கேட்டதும் ஒரு காரணமாதல் கூடும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் கீர்த்தனைகள் இயற்றியபோது, பாவ உணர்வைச் சொல்ல அவர்களுக்கு வேற்றுமொழியின் உதவி தேவைப்படவில்லை. பதிகங்களும் விருத்தங்களும் அதற்கு வேண்டிய பண்ணையும் பணிவையும் முன்பே ஆக்கி வைத்திருந்தன.

இவ்வரிசையில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தனித்து நிற்பவர். 1827-இல் நெல்லைப் பகுதியில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாக வெளிவந்தது. முதுகில் பாவச்சுமையோடு புறப்படும் பயணி சிலுவையடியில் அச்சுமை கழன்று விழக் காண்பது அக்கதையின் புகழ்பெற்ற இடம். ஆயின் கதை அங்கே முடியவில்லை என்பது கருதத்தக்கது. மூலக்கதையில், சுமை நீங்கிய பின்னரே பயணி ஏறுமலையில் களைத்து உறங்கித் தன் முத்திரையிட்ட சுருளைத் தொலைக்கிறான். அதைத் தேடி வந்த வழியே திரும்பி நடக்கிறான். எளிய பாதை என்று எண்ணி வேலி தாண்டி வழி தவறுகிறான்; அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்படுகிறான். சுமை ஒருமுறை விழுந்தது. திரும்பி நடத்தல் பலமுறை நேர்ந்தது. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட விருத்தங்களில் ஒரு பயணத்தைக் கிருஷ்ணபிள்ளை பாட நேர்ந்ததற்கு இதுவே காரணம். ஒருநாள் நிகழ்ச்சிக்குக் காவியம் வேண்டியதில்லை. நெடுவழிக்கே காவியம் வேண்டும்.

கவிஞர் கூடியுள்ள அவையில் இன்னொன்றும் சொல்லத்தக்கது. இலக்கிய உலகில் மறுப்புரை எழுதுவது எளிது. வருத்தம் தெரிவிப்பது அரிது. ஒரு மதிப்புரையின் ஒற்றை வரிக்காக இருபதாண்டுகள் பேசாதிருந்த புலவர்களை எவ்வூரும் அறியும். இறைவனுக்கு முன் தன்னைப் பாவி என்று பாடுவது கவிஞனுக்குக் கைவந்த கலை. அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவனிடம் ‘அன்று சொன்னது தவறு’ என்று சொல்வதிலேதான் அப்பாடலின் மெய்ம்மை சோதிக்கப்படுகிறது.

இருவேறு சான்றுகள்

மன்னிப்பு நூலை விட்டு வெளியேறி வாழ்வில் நின்ற இடங்கள் உண்டு. அண்மைக்கால இந்திய வரலாற்றில் இரண்டு சான்றுகள் இக்கருத்தின் இரு முகங்களையும் காட்டவல்லவை. முதலாவது ஒடிசாவில் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965 முதல் மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றியவர். 1999 சனவரி 22-ஆம் நாள் இரவு, மனோகர்பூர் என்னும் சிற்றூரில் தம் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரும், பத்து வயது மகன் பிலிப்பும், ஆறு வயது மகன் திமோத்தியும் ஒரு கும்பலால் உயிரோடு எரிக்கப்பட்டனர். செய்தி கேட்ட சில நாள்களிலேயே கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், தம் கணவரையும் மக்களையும் கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தார்.

அந்த அறிவிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. அதனினும் அரியது அதன்பின் நடந்தது. அவர் உடனே ஊர் திரும்பவில்லை. எஞ்சியிருந்த மகளோடு பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர்க்கு 2004 வரை பணி செய்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. அறிவிப்புக்கு ஒரு நாழிகை போதும். அந்த இல்லத்தில், அந்த வெற்றுக் கட்டில்களைக் கண்டவாறு, ஐந்தாண்டுகளின் ஒவ்வொரு காலையும் எழவேண்டியிருந்தது. வாயால் ஒருமுறை சொன்னதை வாழ்வால் நாள்தோறும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

மன்னிப்பும் சட்டமும் வேறுவேறு என்பதும் இவ்வழக்கில் தெளிவாயிற்று. கிளாடிஸ் மன்னித்தார், நீதிமன்றம் தன் வழியில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் விசாரணை நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2005-இல் ஒடிசா உயர்நீதிமன்றம் அதனை வாழ்நாள் சிறையாகக் குறைத்தது. 2011 சனவரியில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வஞ்சம் தீர்ப்பதைக் கைவிடலாம். நீதியைக் கைவிட வேண்டியதில்லை.

இரண்டாவது சான்று மத்தியப்பிரதேசத்தைச் சார்ந்தது. கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி இராணி மரியா, நிலமற்ற ஏழை உழவரை வட்டிக்காரரின் பிடியிலிருந்து மீட்கச் சேமிப்புக் குழுக்களை அமைத்தவர். 1995 பிப்ரவரி 25-ஆம் நாள் இந்தூரை நோக்கிச் சென்ற பேருந்தில் ஏவிவிடப்பட்ட இளைஞன் ஒருவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். கொலையாளி சிறையில் இருந்தபோது, இராணி மரியாவின் தங்கையும் துறவியுமான செல்மி பால் 2002-இல் இராக்கி நாளன்று அங்குச் சென்று அவன் கையில் இராக்கிக் கயிறு கட்டி அவனை உடன்பிறந்தவனாக ஏற்றார். மனம் கலங்கித் திருந்திய அம்மனிதன் 2006-இல் விடுதலை பெற்றான். பின்னர்க் கேரளம் சென்று இராணி மரியாவின் பெற்றோரையும் கண்டான். 2017 நவம்பர் 4-ஆம் நாள் இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

முதற்சான்றில், குற்றம் செய்தவரின் மனமாற்றத்துக்குக் காத்திராமல் மன்னிப்பு வழங்கப்பட்டது. இரண்டாவதில், வழங்கப்பட்ட மன்னிப்பே மனமாற்றத்துக்கு வாயிலாயிற்று. மன்னிப்பு ஒருவரால் இயலும். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் குழப்பங்கள் பல தீரும்.

மலிவான மன்னிப்பு

குழப்பம் தீர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மன்னிப்பை வலியோர் மெலியோரிடம் கேட்டுப் பறிக்கும் கருவியாக்குவதும் நடைமுறையில் காணப்படுவதே. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை மன்னிக்குமாறு மனைவிக்கு அறிவுரை சொல்லுவோர், கை ஓங்காதிருக்குமாறு அவனுக்கு அறிவுரை சொல்ல மறந்துவிடுகின்றனர். செருமானிய இறையியலாளர் தீத்ரிக் பான்ஹோபர் 1937-இல் வெளியிட்ட நூலில் இதனை மலிவான அருள் என்று சாடினார். மனந்திரும்புதல் இன்றி மன்னிப்பை மட்டும் வழங்குவது மலிவுச் சரக்கு என்பது அவர் கருத்து. கொடுங்கோன்மையை எதிர்த்த அவர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அருளின் விலை இன்னதென்று எழுதியவர் அதைச் செலுத்தியும் காட்டினார்.

இம்மாவட்டத்தில் இக்கருத்துக்கு ஒரு தனிப்பொருத்தம் உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகள் பல. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்னும் விதிகள் ஏட்டில் உள்ளன. அவை மீறப்பட்டு உயிர்கள் போனபின், இழந்தவரிடம் ‘விதி, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது மன்னிப்பைக் கேட்பதாகாது. மனந்திரும்புதல் அங்கே இரங்கற் செய்தியாக வருதல் போதாது. மறுநாள் காலை ஆலைக் கதவு திறக்கும்போது அறைக்கு எத்தனை பேர் எனத் தலையெண்ணிப் பார்ப்பதாக வரவேண்டும். இஞ்ஞாசியாரின் கோடும் புள்ளியும் ஆலைப் பதிவேட்டுக்கும் பொருந்தும். சகேயுவின் நான்கு மடங்கு இழப்பீட்டுத் தொகைக்கும் பொருந்தும்.

இழந்தவர் மன்னிப்பதும் மன்னியாததும் அவர்தம் உரிமை. அதற்குரிய காலமும் அவர்களுடையதே. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் விரைந்து மன்னித்தார் என்பதற்காக மற்றொரு தாயை விரைவுபடுத்த எவருக்கும் அதிகாரமில்லை. அவர் மன்னித்ததன் பெருமை, எவரும் அவரை வற்புறுத்தாமையிலும் உள்ளது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், கிறித்தவ மரபில் மனந்திரும்புதல் என்பது அன்றாடம் திருத்திக்கொள்ளும் நடை என்பதும், மன்னிப்பு என்பது அன்றாடம் பெற்று அன்றாடம் கொடுக்கும் வழக்கு என்பதும், இரண்டும் கணக்கின் பற்றும் வரவும்போல ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதும் பெறப்படும். தமிழ் அக்கருத்துக்குத் தன் பங்காகப் பொறுத்தலின் சுமையையும், கடனின் இருபொருளையும், ஒப்புரவின் ஊருணியையும் தந்துள்ளது.

மாலை மயங்கும்போது சிறுகடைக்காரர் சிட்டையைத் திறந்து அன்றைய கணக்கை அன்றே எழுதி முடிப்பார். நாளைக்கு என்று வைத்தால் நினைவு தவறும். நினைவு தவறினால் சண்டை வரும் என்பது அவர் அனுபவம். பகையை இரவு தாண்ட விடலாகாது என்று எபேசியருக்கு எழுதிய மடலில் பவுலடிகளும் இதையே சொல்கிறார். சூரியன் சாய்வதற்குள் சினம் சாயவேண்டும். பேச்சு நின்றுபோன ஒருவர் எவருக்கும் இருக்கக்கூடும். அடுத்த ஆண்டு விழா வரை அதனைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. இன்றைய பொழுது இன்னும் சாயவில்லை.